கடை மேசையில் லிப்ரே ஒபிஸ்: பாமினி முதல் உரிமம் வரை

கொழும்பில் பாவித்த லப்டொப் ஒன்றின் விலையைப் பேசி முடித்ததும் வாங்குகிறவர் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, ஒபிஸும் போட்டுத்தானே தருவீங்கள்?" போட்டுத் தருவார்கள். பில்லில் அதற்கென்று ஒரு வரி இராது, உரிமக் கீ இராது. அன்ரிவைரஸை நிறுத்திவிட்டு ஓடவிட்ட, உரிமமில்லாத ஒபிஸை இயங்கவைக்கும் ஆக்டிவேட்டர் ஒன்று மட்டும் ஏதோ ஒரு போல்டரில் கிடக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டைப்செட்டிங், போட்டோகொப்பி செய்யும் கொமினிகேஷன்கள், புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றிச் சத்தியக்கடதாசி அடித்துக் கொடுப்பவர்கள், டியூஷன் நிலையங்கள், இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சின்னக் கந்தோர்கள் என்று பலருடைய பிழைப்பு இப்படியான கணினிகளில்தான் ஓடுகிறது.

இந்த மதிப்புரை அந்த மேசைகளுக்கானது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கடிதம், விண்ணப்பம், சம்பளப் பட்டியல், பிடிஎப் ஆகிய வேலைகளுக்கு, மைக்ரோசொப்ட் ஒபிஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் தாராளமாகப் போதும். வாடிக்கையாளர் வேர்டில் செய்த சிக்கலான பைல்களை நாள் முழுக்கத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிற கடையென்றால், ஒரு கணினியில் மட்டும் காசு கொடுத்து வாங்கிய வேர்ட் இருக்கட்டும், மற்றவற்றில் இதைப் போடலாம். பேஜ்மேக்கரில் கலியாணக் கார்ட் அடிக்கும் அச்சகம் இதை நம்பி இறங்கக் கூடாது.

எதை இறக்குவது

இணையத்தில் தேடினால் ஓபன் ஒபிஸ், லிப்ரே ஒபிஸ் என்று இரண்டு பெயர் வரும். பழைய பழக்கத்தில் முதலாவதை இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். அப்பாச்சி ஓபன் ஒபிஸ், வேர்டின் இன்றைய வடிவமான டொக்எக்ஸ் பைலைத் திறக்கும், டொக்எக்ஸாகச் சேமிக்காது. வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் அனுப்பிய விண்ணப்பத்தைத் திருத்திவிட்டுப் பழைய டொக் வடிவில்தான் திருப்பி அனுப்ப வேண்டிவரும். 2014 இல் வந்த 4.1 வரிசையிலேயே அது நிற்கிறது. அவ்வப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அவ்வளவுதான்.

அது அப்படி நின்றதற்கு உரிமமும் ஒரு காரணம். ஸ்டார் ஒபிஸ் என்ற ஜெர்மன் மென்பொருளை 1999 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, 2000 இல் அதன் மூலக் குறியீட்டை (நிரலாளர் எழுதிய வரிகளை) ஓபன் ஒபிஸ் என்ற பெயரில் வெளியிட்டது. 2010 இல் சன் ஒராக்கிளின் கைக்குப் போனது. ஒராக்கிள் என்ன செய்யுமோ என்ற சந்தேகத்தில், அதை எழுதிவந்தவர்களில் பலர் அதே ஆண்டு செப்டெம்பர் 28 இல் டொகியுமென்ட் பவுண்டேஷன் என்ற பெயரில் பிரிந்து லிப்ரே ஒபிஸைத் தொடங்கினார்கள். குறியீடு திறந்த மூல உரிமத்தில், அதாவது யாரும் எடுத்து மாற்றலாம் என்ற அனுமதியோடு, இருந்தபடியால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயரை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை, பெயர் வணிகக் குறி. 2011 இல் ஒராக்கிள் தன்னிடம் மிஞ்சியதை அப்பாச்சி அமைப்பிடம் கொடுக்க, அது அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியது. லிப்ரே ஒபிஸ் வருவது மொசில்லா பொது உரிமம் 2.0 இல். அப்பாச்சி உரிமத்தில் உள்ள குறியீட்டை லிப்ரே ஒபிஸ் எடுத்துக்கொள்ளலாம். மொசில்லா உரிமத்தில் உள்ளதைத் தன் மூலத்துக்குள் சேர்க்க அப்பாச்சி அமைப்பின் விதி இடம் தராது. அங்கே திருத்தியது இங்கே வரும், இங்கே திருத்தியது அங்கே போகாது. இத்தனை வருடம் ஒருவழிப் பாதையாக ஓடினால் எந்தப் பக்கம் நிறையும் என்று சொல்லத் தேவையில்லை.

லிப்ரே ஒபிஸ் ஆண்டுக்கு இரண்டு முறை, பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும் புதிய பதிப்பை வெளியிடுகிறது. 2024 தொடக்கத்தில் வந்த 24.2 இலிருந்து பதிப்பு இலக்கமே ஆண்டையும் மாதத்தையும் காட்டும். கடைக்கு எப்போதும் ஒரு பதிப்பு பின்னால் நிற்பது நல்லது. புதுப் பதிப்பின் முதல் பிழைகளை மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். பழைய கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 25.8 இலிருந்து விண்டோஸ் 7, 8, 8.1 ஆதரவு இல்லை. அந்தக் கணினிகளுக்கு 25.2 தான் கடைசி. அவற்றை இணையத்தில் விட்டு வைப்பதே ஆபத்து என்பது வேறு கதை.

நிறுவியதும் மாற்ற வேண்டியவை

அப்படியே நிறுவிவிட்டு "இது சரிவராது" என்று தூக்கி எறிகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். லிப்ரே ஒபிஸின் தொடக்க அமைப்புகள் கொழும்புக் கடைக்கு ஏற்றவை அல்ல.

முதலில் தாள். விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் லிப்ரே ஒபிஸும் அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு புதிய பைலை லெட்டர் அளவில் திறக்கும். பிரிண்டரில் ஏ4 இருக்கும். விளக்கு மினுங்கிக்கொண்டே நிற்கும், வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். டூல்ஸ் மெனுவில் ஒப்ஷன்ஸ், அங்கே லாங்குவேஜஸ் அன்ட் லொகேல்ஸ் பகுதியில் ஜெனரல்: லொகேலை யூகே ஆங்கிலமாக மாற்றினால் ஏ4 தானாக வரும், திகதியும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைக்கு வரும்.

அதே பக்கத்தில் கொம்பிளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற பெட்டியில் குறியிட்டு மொழியைத் தமிழாக்குங்கள். அதன் பிறகுதான் வேர்டுக்கு நிகரான ரைட்டரின் பகுதியில் யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழுக்கென்று தனி எழுத்துரு, தனி அளவு தெரிவு செய்யும் இடம் தோன்றும். லிப்ரே ஒபிஸ் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவும் தமிழுக்கு இன்னொன்றுமாக இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலத்தை 12 ஆக்கிவிட்டுத் தமிழை 10 இல் விட்டால் ஒரே வரியில் இரண்டு அளவு தெரியும். "எழுத்து தானாகச் சிறுக்குது" என்ற முறைப்பாடு இதுதான். பேசிக் பொன்ட்ஸ் பக்கங்கள் இரண்டிலும் ஒரே அளவைக் கொடுத்துவிட்டால் சோலி முடிந்தது.

அடுத்தது சேமிப்பு. லோட்/சேவ் பகுதியில் ஜெனரல் பக்கத்தில் "ஓல்வேஸ் சேவ் ஆஸ்" என்பதை வேர்ட் 2010-365 என்று மாற்றுங்கள். எக்செலுக்கு நிகரான கல்க்குக்கும் அப்படியே எக்செல் வடிவம். ஓடிடி என்ற திறந்த வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ தரம், நல்ல வடிவம், ஆனால் வாடிக்கையாளரின் போனில் அது பெரும்பாலும் திறக்காது. கடையின் சொந்த மாதிரிப் பைல்களை ஓடிடியில் வைத்திருங்கள், வெளியே போவது டொக்எக்ஸாகவோ பிடிஎப்பாகவோ போகட்டும்.

தமிழ் இடைமுகம் இருக்கிறது. போட வேண்டாம் என்பதே என் கருத்து. கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் பைல், எடிட், இன்சர்ட் என்று படித்து வந்தவர்கள். தமிழ் மெனுவைக் கண்டால் கை நின்றுவிடும்.

பாமினி

இலங்கைத் தமிழ்க் கடைகளில் லிப்ரே ஒபிஸ் தேறுமா என்பதைத் தீர்மானிப்பது பாமினிதான். பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில விசைகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. "தமிழ்" என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகள். ஆகவே லிப்ரே ஒபிஸ் அதை ஆங்கிலமாகவே நடத்தும், ஆங்கிலத்துக்குச் செய்கிற எல்லா உபகாரங்களையும் செய்யும்.

அந்த உபகாரங்களில் மோசமானது, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது. பாமினியில் சிறிய ஜே "த", பெரிய ஜே "து". வாக்கியத் தொடக்கத்தில் "தமிழ்" என்று அடித்து ஸ்பேஸ் தட்டியதும் "துமிழ்" ஆகிவிடும். "மனுதாரர்" என்று தொடங்கினால் "முனுதாரர்" ஆகும். அடித்தவர் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார், பிரிண்ட் எடுத்த பிறகுதான் தெரியும். டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் திறந்து, ஒப்ஷன்ஸ் தாவலில் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வரியிலும், அடுத்தடுத்த இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்தும் வரியிலும் குறியை எடுத்துவிடுங்கள். அந்த வரிகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று அடிக்கும்போது, மற்றது பிறகு மொத்தமாகத் திருத்தும்போது. இரண்டையும் எடுக்க வேண்டும். பாமினிப் பகுதியின் மொழியை "நன்" (மொழி இல்லை) என்று வைத்தால் சிவப்புக் கோடுகளும் போய்விடும்.

பழைய பாமினிப் பைலை யூனிகோடாக மாற்றும்போது இன்னொரு வில்லங்கம். மாற்றிகள் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, குறிகளை மட்டுமே பார்க்கும். நடுவில் இருக்கிற ஆங்கிலப் பெயரும் முகவரியும் சேர்ந்தே மாறிக் குழம்பிவிடும். இதற்கு லிப்ரே ஒபிஸில் வேர்டைவிடச் சிக்கலில்லாத வழி உண்டு என்று சொல்லமாட்டேன், ஆனால் வழி உண்டு: ஃபைன்ட் அன்ட் ரிப்ளேஸில் போர்மட் பொத்தானை அழுத்திப் பாமினியைத் தேர்ந்து, ஃபைன்ட் ஓல் கொடுத்தால் பாமினியில் அடித்த பகுதிகள் மட்டும் தெரிவாகும். அவற்றுக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டால் எதை மாற்றுவது, எதை விடுவது என்று கண்ணுக்குத் தெரியும். மாற்றியதைத் திரும்ப ஒட்டும்போது வடிவமில்லாமல் ஒட்டுங்கள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஓல்ட் மூன்றோடும் வி. ஒட்டிய பிறகு ஆங்கிலப் பக்கத்து எழுத்துரு இன்னும் பாமினியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் அடித்த காலி வீதி முகவரி எழுத்துச் சிதறலாகி, கொமா வருகிற இடத்தில் "இ" வந்து நிற்கும். பாமினியில் கொமாவின் இடம் "இ".

விரல் பாமினியில் ஊறிப்போனவர்களை யூனிகோடுக்குக் கொண்டுவர, பாமினி விசை ஒழுங்கிலேயே யூனிகோட் அடிக்கவிடும் இ-கலப்பையைப் போட்டுக் கொடுக்கலாம். அதுவும் ஜிபிஎல் உரிமத்தில் வரும் திறந்த மூல மென்பொருள்தான். புதிதாகப் பழகுகிறவருக்கு விண்டோஸ் 10 இன் 2019 பதிப்பிலிருந்தே தமிழ்99, அஞ்சல் என்ற விசை ஒழுங்குகள் இரண்டும் உள்ளே இருக்கின்றன.

டொக்எக்ஸ் எவ்வளவு தாங்கும்

சாதாரணக் கடிதம், அட்டவணை உள்ள விண்ணப்பம், தலைப்பும் அடிக்குறிப்பும் உள்ள அறிக்கை எல்லாம் குழப்பமில்லாமல் போய் வரும். திருத்தங்களைக் காட்டும் டிராக் சேஞ்சஸும் கொமென்ட்ஸும் போய் வரும். உடைவது டெக்ஸ்ட் பொக்ஸ்களால் கட்டிய பக்கங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய படங்கள், ஸ்மார்ட் ஆர்ட். டெம்பிளேட்டில் செய்த சீவிகள் இதில் அடங்கும். கொமினிகேஷன்களுக்கு அதிகம் வருவதும் சீவிதான், துரதிர்ஷ்டம். விபிஏ மேக்ரோ (பைலுக்குள் எழுதிவைத்த தானியங்கிக் கட்டளைகள்) ஓடும் என்று நம்பி எந்த வேலையையும் ஏற்க வேண்டாம்.

பக்கம் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்துரு. 2023 இலிருந்து மைக்ரோசொப்ட் 365 இன் இயல்பு எழுத்துரு கலிப்ரி அல்ல, அப்டொஸ். அது விண்டோஸோடு வருவதில்லை. ஒபிஸ் இல்லாத கணினியில் அப்டொஸ் பைலைத் திறந்தால் வேறேதோ எழுத்துரு அந்த இடத்தைப் பிடிக்கும், வரிகள் நகரும், இரண்டு பக்க சீவி மூன்றாம் பக்கத்துக்கு நாலு வரி சிந்தும். ஒப்ஷன்ஸில் பொன்ட்ஸ் பக்கத்தில் மாற்று அட்டவணை இருக்கிறது. அப்டொஸுக்குப் பதில் கார்லிட்டோ என்று எழுதி வைத்தால் சேதம் குறையும், முற்றாக நிற்காது. கலிப்ரிக்கு கார்லிட்டோ, கம்பிரியாவுக்கு கலடியா, ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் லிபரேஷன் என்ற பழைய சோடிகள் அப்படியல்ல, எழுத்தின் அகலமே ஒன்று, வரி அசையாது.

தமிழில் லதா எழுத்துருவில் அடித்த பைல்கள் இன்னும் நிறைய வரும். விண்டோஸ் 10 இலிருந்து லதா இயல்பாக இராது. செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் டமில் சப்ளிமென்டல் பொன்ட்ஸைச் சேர்த்தால் வரும். உரிமம் பெற்ற விண்டோஸுக்கு அது இலவசம். அந்த எழுத்துருக் கோப்பைப் பென் டிரைவில் தூக்கிக்கொண்டுபோய், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் ஓடும் கணினியில் போடுவதற்கு மைக்ரோசொப்டின் உரிமம் இடம் தராது. அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித், மீரா இனிமை, கட்டமரன் போன்றவற்றைப் பாவிக்கலாம். இவை ஓபன் பொன்ட் லைசென்ஸ் எனப்படும் உரிமத்தில் வருகின்றன. பத்திரிகை, பெயர்ப்பலகை, கலியாணக் கார்ட் எதற்கும் காசு கொடுக்காமல் பாவிக்கலாம், எத்தனை கணினியிலும் போடலாம், பைலுக்குள்ளேயே பொதிந்து அனுப்பலாம். எழுத்துருவைத் தனியாக விலை வைத்து விற்பது மட்டும் கூடாது. பைல் மெனுவில் புரொப்பர்ட்டீஸ், பொன்ட் தாவலில் பொதிக்கும் பெட்டியைக் குறியிட்டால், நோட்டோ இல்லாத கணினியிலும் பைல் அப்படியே திறக்கும். பைல் சில எம்பி வீங்கும்.

கல்க் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், அது நல்லது. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎப்) ஊழியரின் 8%, முதலாளியின் 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈடிஎப்) 3% என்று போகிற சம்பளப் பட்டியலை எக்செலில் இருந்து அப்படியே எடுத்து ஓட்டும். ஒரு விடயத்தில் எக்செலைவிட மேல்: கொமாவால் பிரித்த பட்டியலாகிய சிஎஸ்வி பைலைத் திறக்கும்போது எந்தக் குறியீடு, எந்த நிரல் எழுத்து, எந்த நிரல் எண் என்று முதலே கேட்கும். யூனிகோடின் வடிவமாகிய யூடிஎப்-8 என்று கொடுத்தால் தமிழ்ப் பெயர்கள் குலையாது, தொலைபேசி நிரலை டெக்ஸ்ட் என்று கொடுத்தால் 077 இன் பூச்சியம் விழாது. புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களை எக்செல் சுருக்கி 1.99 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாகக் காட்டுமே, அந்தத் தலையிடியும் இங்கே இல்லை. பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்த சோர்ட் ஒப்ஷன்ஸில் மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள்.

பிடிஎப் ஏற்றுமதி உள்ளேயே இருக்கிறது, குறையில்லை. பிடிஎப்பை லிப்ரே ஒபிஸின் வரைதல் பகுதியாகிய டிரோவில் திறந்து திருத்தலாம் என்று சொல்வதை மட்டும் தமிழில் நம்ப வேண்டாம். பிடிஎப்புக்குள் எழுத்துருவின் பாவித்த உருவங்கள் மட்டுமே இருக்கும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து வரும். ஆங்கிலப் பிடிஎப்பில் ஒரு திகதியை மாற்றலாம், தமிழில் திரும்ப அடிப்பதே விரைவு.

காசில்லை என்பதும் உரிமம் என்பதும்

எங்கள் ஊரில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. கிராக் போட்ட ஒபிஸும் காசில்லை, லிப்ரே ஒபிஸும் காசில்லை, பிறகு என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பதிப்புரிமைக்குள் வைக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தும் அதை வியாபார இலாபத்துக்குப் பாவிப்பதும் அதில் குற்றம். வீட்டுக் கணினியை விட்டுவிடுவோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கி டைப் அடிக்கிற கடை சந்தேகமில்லாமல் வியாபாரம். சட்டத்தைவிடப் பக்கத்தில் இருக்கிற ஆபத்து ஆக்டிவேட்டர்: அன்ரிவைரஸை நிறுத்தச் சொல்கிற எந்த நிரலையும், வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகள் கிடக்கிற கணினியில் ஓடவிடக் கூடாது.

டபிள்யூபிஎஸ் ஒபிஸ் விளம்பரத்தோடு இலவசமாக வருகிறது, பார்க்க வேர்ட் மாதிரியே இருக்கும், ஆனால் அது திறந்த மூலம் அல்ல. கடையில் பாவிக்க முன் அதன் நிபந்தனைகளை வாசித்தே ஆக வேண்டும். ஒன்லிஒபிஸ் திறந்த மூலம், ஏஜிபிஎல் 3 உரிமம், டொக்எக்ஸ் அமைப்பைப் பல இடங்களில் லிப்ரே ஒபிஸைவிட நெருக்கமாகக் காக்கும். ஆங்கில வேலை மட்டும் செய்கிற கந்தோர் அதை முதலில் பார்க்கலாம்.

மொசில்லா உரிமம் கடைக்குத் தருவது இதுதான்: எத்தனை கணினியிலும் போடலாம், வியாபாரத்துக்குப் பாவிக்கலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். டொகியுமென்ட் பவுண்டேஷனே ஆப்பிளின் மேக் ஸ்டோரில் விலை வைத்துத்தான் விற்கிறது. குறியீட்டை மாற்றி வெளியே கொடுத்தால், மாற்றிய கோப்புகளை அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும்; பக்கத்தில் நீங்கள் சொந்தமாக எழுதிச் சேர்த்த கோப்பை மூடி வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎல் இதைவிட இறுக்கம், முழு நிரலையும் திறக்கச் சொல்லும். அப்பாச்சி, எம்ஐடி உரிமங்கள் தளர்வு, பெயரையும் உரிமக் குறிப்பையும் விட்டுவைத்தால் சரி. ஆண்ட்ராய்ட் போனின் செட்டிங்ஸில் அபௌட் போன், அதற்குள் லீகல் இன்பர்மேஷன் போய்ப் பார்த்தால் இந்த மூன்று சாதியும் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு நாளும் கையில் தூக்கிக்கொண்டு திரிகிறோம், திறந்து பார்ப்பதில்லை.

"காசில்லாததுக்கு யார் பொறுப்பு" என்ற கேள்வி நியாயமானது. பொறுப்பு இல்லை என்று உரிமமே சொல்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டில் தொழில் நடக்காது என்று கொழும்பில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு இங்குள்ள தொண்டர்கள் எழுதிய சஹானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருளுக்கு 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கொடுத்தது. 2005 இல் இங்கே தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 அப்பாச்சி உரிமத்தில் குறியீட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஆதரவுக்குக் காசு வாங்கி வளர்ந்த நிறுவனம்.

லினக்ஸுக்கே போவதென்றால்

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் 8 ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் கேட்கிறது. கொழும்பில் ஓடுகிற 4 ஆம், 6 ஆம் தலைமுறை ஐ5 லப்டொப்கள் வெளியே நிற்கின்றன. லினக்ஸ் மின்ட் 22 இவற்றில் 4 ஜிபி ரேமோடு ஓடும், 2029 வரை ஆதரவு உண்டு, லிப்ரே ஒபிஸ் உள்ளேயே வரும். ஹார்ட் டிஸ்க் இன்னும் பழைய சுழலும் வகையென்றால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள்; அது இல்லாமல் எந்த இயங்குதளமும் ஊரும். தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99 உம், இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரமாகிய ரெங்கநாதன் விசை ஒழுங்கும் கிடைக்கும்.

மாட்டிக்கொள்வது பிரிண்டரில். ஜிபிஎல் உரிமத்தின் கதையே ஒரு பிரிண்டரில் தொடங்கியது: எம்ஐடியில் தாள் சிக்கிக்கொண்டே இருந்த ஸெரொக்ஸ் லேசர் பிரிண்டரின் மூலக் குறியீட்டைத் தர மறுத்த சம்பவத்தைத்தான் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அடிக்கடி சொல்வார், 1983 இல் அவர் ஜிபிஎல் பிறந்த க்னூ திட்டத்தை அறிவித்தார். கடை மேசையில் அந்தக் கதை இன்னும் முடியவில்லை. கெனன் எல்பிபி2900 பக்கத்தைக் கணினியிலேயே தயாரித்து வாங்கும் கெப்ட் என்ற சொந்த மொழியைப் பேசுகிறது. கெனன் கொடுத்த லினக்ஸ் டிரைவர் பழையது, 32 பிட் நூலகங்களைக் கேட்கும். ஆர்வலர்கள் எழுதிய திறந்த டிரைவரை நம்பிக் கடை நடத்தச் சொல்லமாட்டேன். எச்பி 1020, பி1102 வேலை செய்யும், ஆனால் எச்பியின் லினக்ஸ் டிரைவர் பொதியாகிய எச்பிலிப்போடு மூடிய பிளகின் ஒன்றும் இறக்க வேண்டும். எச்பிலிப் புதுப்பிக்கப்பட்டுப் பிளகின் பழையதாக நின்றால் பிரிண்ட் நின்றுவிடும். டெர்மினலில் எச்பி-பிளகின் கட்டளையைத் திரும்ப ஓடவிட்டால் சரியாகும். எப்சன் எல்3110, எல்3210 இரண்டும் மின்ட்டில் இருக்கிற ஈஎஸ்சிபிஆர் டிரைவரோடு அச்சடிக்கும். வேஸ்ட் இங்க் பேட் (கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு) நிரம்பியதாகச் சொல்லி நின்றால், கவுண்டரை ரீசெட் செய்ய வழமையாகப் பாவிக்கும் நிரல் விண்டோஸில்தான் ஓடும். அதற்காகவே ஒரு விண்டோஸ் கணினியை மூலையில் வையுங்கள். எதுவானாலும் 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டைப் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே இயக்கி, உங்கள் பிரிண்டரில் ஒரு தமிழ்ப் பக்கமும் ஸ்கேனரில் ஒரு அடையாள அட்டையும் எடுத்துப் பார்த்த பிறகுதான் டிஸ்க்கைத் தொட வேண்டும்.

கணினி விற்கிறவர்களுக்கும் திருத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லிப்ரே ஒபிஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குவதில் தவறே இல்லை. மேலே சொன்ன அமைப்புகளை ஒழுங்காகச் செய்து, எழுத்துரு போட்டு, பிரிண்டர் பார்த்துக் கொடுப்பது கூலிக்குரிய வேலை. பில்லில் "மைக்ரோசொப்ட் ஒபிஸ்" என்று எழுதாமல் "லிப்ரே ஒபிஸ் நிறுவல், தமிழ் அமைப்பு" என்று எழுதுங்கள். நிறுவிய பிரதியைக் கையளிக்கும்போது மூலக் குறியீடு எங்கே கிடைக்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது மொசில்லா உரிமம். அதற்கு லிப்ரே ஒபிஸ் தள முகவரியை ஒரு வரியாகப் பில்லின் அடியில் அச்சடித்தால் போதும்.